குன்றுகள் கூறும் சமய வரலாறு
புதுக்கோட்டைச் சான்றுகள் பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

தமிழ்நாட்டுச் சமய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு முடிபுகளுள் ஒன்றனை முன்னரே கைக்கொண்டு புகுகின்றனர். சமயங்கள் ஒன்றையொன்று அழித்தே வளர்ந்தன என்பது ஒன்று. தமிழ் மக்கள் எஞ்ஞான்றும் சமயப் பொறை உடையராய் எல்லாக் கடவுளரையும் ஒப்ப வழிபட்டனர் என்பது மற்றொன்று. முன்னதற்குச் சமணர் கழுவேறிய கதை சான்றாகக் காட்டப்படுகின்றது. பின்னதற்கு ஒரே குன்றில் சிவனுக்கும் திருமாலுக்கும் குடையப்பெற்ற கோயில்கள் சான்றாகக் காட்டப்படுகின்றன. இரண்டும் மேடைக்கு ஏற்ற முடிபுகள். ஆராய்ச்சிக்கும் அவை ஏற்றனவோ என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

இவ்வினாவை ஆராய்தற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தினும் தக்க நிலப்பகுதி அரிது. வெள்ளாற்றின் இருமருங்கும் பரந்து கிடக்கும் இச்சிறு பகுதியில், சமணப் பள்ளிகளும் பாழிகளும், சைவ வைணவக் குடைவரைகளும், காளாமுகர் மடமும், ஐயனார் கோயில்களும், இசுலாமியர் பள்ளிவாசலும், கிறித்தவர் திருக்கோயிலும் ஒன்றற்கொன்று கூப்பிடு தொலைவிலேயே அமைந்துள்ளன என்னலாம். மேலும், புதுக்கோட்டை தனியரசாக விளங்கிய காலத்திலேயே இப்பகுதிக் கல்வெட்டுகளின் மூலங்கள் 1929இல் நூல்வடிவம் பெற்றன. இராதாகிருட்டிண ஐயரின் பொது வரலாறு 1916இலும், சமஸ்தான விளக்க நூல் 1938 முதல் 1944 வரை பல பகுதிகளாகவும் வெளிவந்தன. 1948இல் தனியரசு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஆதலின் சான்றின்மை இங்குக் குறையன்று. சான்றைப் படிக்கும் முறையிலேயே குறை உளதாயின் உளது.

2. கழுவேற்றக் கதையும் அறிவர் கோயிலும்

கி. பி. ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் திருஞானசம்பந்தரோடு வாதிட்டுத் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. நம்பியாண்டார் நம்பியின் பாடல்களிலும் இதற்குக் குறிப்புண்டு. சம்பந்தரின் பதிகங்களிலோ சமணர் மீது கடுஞ்சொற்கள் நிரம்ப உள்ளன எனினும், கழுவேற்றம் கூறப்படவில்லை. அக்காலத்துக் கல்வெட்டு எதுவும் அதனைக் குறித்திலது. நிகழ்ச்சி நடந்ததாகக் கூறப்படும் காலத்துக்கும் சேக்கிழாரின் காலத்துக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் கழிந்துள்ளன. எனவே, நீலகண்ட சாத்திரியார் போன்ற வரலாற்று அறிஞர்கள் இதனை வரலாறாகக் கொள்ளத் துணியவில்லை.

இம்மறுப்பு எதிர்மறையானது, சான்று இல்லை என்பதனை மட்டுமே அது சொல்கின்றது. உடன்பாட்டு நிலையில் நின்று பேசும் சான்று ஒன்று புதுக்கோட்டையில் உண்டு. சித்தன்னவாசலில் உள்ள அறிவர் கோயிலின் முன்பக்கப் பாறையில் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டே அது. அவனிபசேகரன் என்னும் விருதுடைய சீமாறன் சீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் அக்கோயிலின் உள்மண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபமும் எடுப்பித்தார் என அது தெரிவிக்கின்றது. சீமாறன் கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டவன். நின்றசீர் நெடுமாறன் எனப் போற்றப்பெறும் பாண்டியனின் வழித்தோன்றல்.

இக்கல்வெட்டால் நாம் பெறுவது யாது? இங்கு மிக விழிப்போடு நடத்தல் வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் வன்செயல் எதுவும் நிகழவில்லை என்பதை ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றால் மெய்ப்பித்தல் இயலாது. பாண்டியன் சமணத்தை ஆதரித்தான் என்றும் இதனால் கூறுதல் பொருந்தாது. கோயிலைப் புதுக்கியவர் ஓர் ஆசிரியரேயன்றி அரசன் அல்லன். ஆனால் இரண்டு செய்திகள் ஐயமின்றிப் பெறப்படுகின்றன. எந்தக் குலத்து அரசன் சமணரை வேரறுத்தான் என்கின்றோமோ, அக்குலத்து அரசனின் பெயரைச் சொல்லியே, இருநூறு ஆண்டுகள் அளவில் கழிந்தபின், ஒரு சமணக் கோயில் வெளிப்படையாகப் புதுக்கப்பெற்றது. புதுக்கிய ஆசிரியரோ மதுரையைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கியவர். சமணம் பாண்டி நாட்டில் ஏழாம் நூற்றாண்டிலேயே அழிந்தொழிந்தது என்னும் கூற்று இத்துடன் வீழ்கின்றது. அதற்கு மேல் ஒன்றும் வீழ்வதில்லை.

சித்தன்னவாசலின் பழமையோ இதனினும் பன்மடங்கு பெரிது. குன்றின் மேற்புறத்தில் ஏழடிப்பட்டம் என வழங்கும் இயற்கைக் குகையில் வழவழப்பாக்கப்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றன் அருகில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் கி. மு. முதல் நூற்றாண்டு அளவினதாக ஐராவதம் மகாதேவன் கணித்தார். எருமி நாட்டில் பிறந்தவர் ஒருவருக்கு இளையர் என்பார் இருக்கை செய்தளித்த செய்தி அதில் உள்ளது. எருமி நாடு இன்றைய மைசூர்ப் பகுதியைச் சார்ந்தது என்பர். அஃது உண்மையாயின், தொலை நாட்டிலிருந்து வந்த துறவிக்கு இப்பகுதி மக்கள் படுக்கை வெட்டிக் கொடுத்தனர் என்றாகின்றது. அப்படுக்கைகளிலேயே கி. பி. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளின் எழுத்தமைதியுடைய துறவியர் பெயர்களும் காணப்படுகின்றன. பெயர்கள் இடையறாத் தொடர்ச்சியைக் காட்டுவன அல்ல; எனினும் அவ்விடத்தின் நினைவு எண்ணூறு ஆண்டுகட்குப் பின்னும் சமணரிடையே மறையவில்லை என்பதைக் காட்டுகின்றன.

3. ஒரு காலக்கணிப்பின் படிப்பினை

அறிவர் கோயிலை ஆராய்ந்த அறிஞர்களின் வரலாறும் நமக்கு ஒரு படிப்பினை. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் துப்ராயும் இக்கோயிலையும் அதன் ஓவியங்களையும் உலகறியச் செய்தனர். அப்பெருமை அவர்களுக்கு என்றும் உரியது. ஆனால் அக்கோயில் முதலாம் மகேந்திரவர்மனால் குடைவிக்கப்பட்டது என அவர்கள் கொண்ட கருத்து நிலைபெறவில்லை. குடைவரையின் அமைப்பு ஒற்றுமையோடு, மகேந்திரன் முதலில் சமணனாக இருந்து திருநாவுக்கரசரால் சைவனானான் என்னும் மரபுவழிச் செய்தியும் அக்கருத்துக்குத் துணைநின்றது. சமணனாக இருந்த காலத்திலன்றோ அவன் சமணக் கோயில் எடுத்திருத்தல் கூடும் என எண்ணுவது எளிது. பின்னர் இளங்கௌதமன் கல்வெட்டு நன்கு படிக்கப்பட்டபோது, பாண்டியர் தொடர்பு தெளிவாயிற்று. ஓவியங்களில் இரு படலங்கள் உள்ளமையும் பிற்பட்ட ஆய்வில் புலனாயிற்று.

இங்கு நிகழ்ந்த பிழை யாது எனின், அரசனின் தனிச்சமயத்தைக் கொண்டு கோயிலின் காலத்தை அளந்தமையே. சமணக் கோயில் எனின் சமண அரசன் எடுத்திருத்தல் வேண்டும், சைவ அரசன் காலத்தில் சமணக் கோயில் எழாது என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது. தமிழக அரசர் வரலாற்றைச் சமயம் மாறிய கதைகளின் வரிசையாகப் படித்துப் பழகியமையின் விளைவு அது. தாமரைக் குளத்தில் மலர் கொய்வாரைத் தீட்டிய ஓவியனுக்கும், மண்டபம் எடுத்த ஆசிரியருக்கும், படுக்கை வெட்டிய இளையருக்கும் அவ்வரிசையில் இடமில்லை. மக்களின் சமயத்தை அறிய விழைவோர் அரண்மனை வாயிலிலேயே நின்றுவிடுதல் கூடாது.

4. கொடும்பாளூர் வேளிரின் கொடைகள்

அரசன் அளித்த கொடை அவனுடைய சமயக் கொள்கையைக் காட்டும் என்னும் நம்பிக்கையைக் கொடும்பாளூர் மேலும் தளர்த்துகின்றது. இவ்வூரை ஆண்ட இருக்குவேளிர் குடியைச் சார்ந்தவராகவே இடங்கழி நாயனாரைப் பெரியபுராணம் பாடுகின்றது. அடியார்க்குத் தம் நெற்பண்டாரத்தைத் திறந்துவிட்டவர் அவர். அக்குடியில் தோன்றிய பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் மூன்று கோயில்களை எடுப்பித்தான். மூவர் கோயில் என வழங்கும் அவற்றுள் இன்று இரண்டு விமானங்களே எஞ்சியுள்ளன. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, காளாமுக நெறியினரான மல்லிகார்ச்சுனர் என்னும் ஆசிரியருக்கு அவன் ஒரு பெருமடத்தை அளித்து, ஐம்பது துறவியர் உண்ணும்பொருட்டுப் பதினொரு ஊர்களை ஈந்ததைத் தெரிவிக்கின்றது.

இதே குடியின் பெயர் தேனிமலைக் கல்வெட்டு ஒன்றிலும் வருகின்றது. அக்குன்றில் மலையத்துவசன் என்னும் சமண முனிவர் தவம் செய்யக் கண்ட இருங்கோவேள், அவருக்குப் பள்ளிச்சந்தமாக நிலம் விட்டான் என்பது அதன் செய்தி. நாயன்மார் ஒருவரைத் தந்த குடி, காளாமுகர்க்கு மடமும் சமண முனிவர்க்குப் பள்ளிச்சந்தமும் வழங்கியுள்ளது.

இதனைச் சமயப் பொறை என ஒரு சொல்லால் முடித்துவிடலாமோ எனின், ஆகாது. பொறை என்பது உடன்படாத ஒன்றனைத் தாங்கிக்கொள்ளுதல். தேனிமலைக் கல்வெட்டில் தாங்கிக்கொண்டதன் குறிப்பு எதுவுமில்லை. தவத்தைக் கண்டான், கொடுத்தான், அவ்வளவே. தவம் செய்வாரைப் போற்றுதல் தன் நாட்டுக்கு நலம் என்னும் பொது நம்பிக்கை அங்கே தொழிற்பட்டிருத்தல் கூடும். அந்நம்பிக்கைக்குச் சைவம், சமணம் என்னும் எல்லை இருந்ததாகத் தோன்றவில்லை. நாம் இன்று சமயம் என்னும் சொல்லால் குறிக்கும் முழு வரையறையுடைய கூட்டத்தை அன்றைய கொடையாளி மனத்தில் ஏற்றிப் பார்ப்பதாலேயே, அவன் செயல் நமக்கு வியப்பாகத் தோன்றுகின்றது.

5. திருமெய்யம்: ஒற்றுமையா, உடன்பாடா?

இனிச் சமயப் பொறைக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சுட்டப்பெறும் திருமெய்யத்தைக் காண்போம். ஒரே குன்றின் தென்சரிவில் சத்தியகிரீசுவரர் குடைவரையும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து உள்ளன. பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலின் பேருருவம் பாறையிலேயே வடிக்கப்பட்டுள்ளது. இது திருமங்கையாழ்வார் பாடிய தலம். சிவன் குடைவரையில் இலிங்கத்துக்கு எதிர்ச்சுவரில் இலிங்கோற்பவர் திருவுருவம் பெரிதாகக் காணப்படுகின்றது. சைவமும் வைணவமும் கைகோத்து நின்ற காட்சி என இதனைப் போற்றுவாரும் உளர். திருமால் அடிகாணாத கதையைத் திருமாலின் பக்கத்திலேயே செதுக்கியமை சமயப் பகையைக் காட்டும் என்பாரும் உளர்.

இரண்டாவது கருத்தை முதலில் நோக்குவோம். இலிங்கோற்பவர் உருவம் பிள்ளையார்பட்டிக் குடைவரையிலும் உண்டு. ஆண்டு அருகே திருமாலுக்கு எனக் குடைவரை இல்லை. எனவே இவ்வுருவம் பாண்டி நாட்டுக் குடைவரைகளில் வழங்கிய ஒரு பொதுப் பொருள் எனல் அமையும். திருமெய்யத்தில் மட்டும் அதனை அண்டை வீட்டாரை இகழ வைத்த உருவமாகக் கொள்ளுதற்குத் தனிச்சான்று வேண்டும், அஃது இல்லை.

முதற் கருத்தோ இதனினும் மெலிவுடையது. ஏனெனின் திருமெய்யக் கல்வெட்டே அதனை மறுக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரு கோயிலாரிடையே நெடுநாள் நிலவிய வழக்கு ஒன்று தீர்க்கப்பட்டது. தீர்த்து வைத்தவர் போசள அரசின் தண்டநாயகராகிய அப்பண்ணர். பாண்டி நாட்டில் போசளர் செல்வாக்கு ஓங்கியிருந்த காலம் அது. இரு கோயில்களுக்கும் உரிய நிலமும் வருவாயும் வரையறுத்துப் பங்கிடப்பெற்றன. இன்றும் இரு கோயில்களையும் ஒரு மதில் பிரித்து நிற்கின்றது.

இக்கல்வெட்டைப் படித்தபின், ஒருவர் உடனே முதல் முடிபைக் கைவிட்டு, திருமெய்யம் சமயப் போரின் சான்று என்று எழுத முற்படலாம். அதுவும் அவசர முடிபே. வழக்கின் பொருள் யாது என நோக்குதல் வேண்டும். சிவன் பெரியவனோ திருமால் பெரியவனோ என்பது அங்கு வழக்காக இல்லை. நிலமும் விளைவும் உரிமையுமே வழக்கு. ஒரே குன்றையும் ஒரே ஊரின் வருவாயையும் சார்ந்து வாழவேண்டிய இரண்டு நிறுவனங்கள் மோதிக்கொண்டன. தம்முள் முடித்துக்கொள்ள இயலாமையின் வெளியாரின் தீர்ப்பை ஏற்றன. ஒன்று மற்றொன்றை அழிக்கவும் இல்லை. ஒன்றோடொன்று கலக்கவும் இல்லை. எல்லை வகுத்துக்கொண்டு அருகருகே வாழ்ந்தன. இந்நிலையைக் குறிக்கப் பகை என்னும் சொல்லும் பொருந்தாது. ஒற்றுமை என்னும் சொல்லும் பொருந்தாது. பங்கீடு என்னும் சொல்லே பொருந்தும். பங்கீட்டில் அன்பு இல்லாதிருக்கலாம். ஆனால் மற்றவர்க்கும் உரிமை உண்டு என்னும் ஒப்புதல் உண்டு.

குளத்தூர்ப் பகுதியில் உள்ள மலையடிப்பட்டியிலும் சிவனுக்கும் பள்ளிகொண்ட திருமாலுக்கும் குடைவரைகள் அருகருகே உள்ளன. சிவன் குடைவரையைத் தந்திவர்மன் காலத்தில் முத்தரையர் தலைவனாகிய குவாவன் சாத்தன் குடைவித்தான். திருமெய்யத்தில் எழுந்தது போன்ற வழக்கு ஈண்டுக் கல்வெட்டில் இல்லை. ஆயினும், கல்வெட்டு இன்மையால் இங்கு அமைதி நிலவியது என்று துணிதலும் தவறே. வழக்கு எழாதிருக்கலாம்; எழுந்தது ஊர்மன்றிலேயே முடிந்திருக்கலாம். மௌனத்தை நம் விருப்பப்படி மொழிபெயர்க்கும் உரிமை நமக்கு இல்லை.

6. நார்த்தாமலை: பள்ளி கோயிலானது எவ்வாறு?

பங்கீடு என்று கூறிய அளவில் எல்லாம் இனிதாக முடிந்தன எனக் கொள்ளுதல் கூடாது. எல்லாப் பங்காளிகளும் எஞ்சவில்லை. சமணர் பங்கு காலப்போக்கில் இல்லாதொழிந்தது. அதனை நார்த்தாமலை காட்டுகின்றது.

நார்த்தாமலையின் மேலமலையில் விசயாலய சோழீச்சரத்தின் எதிரே சமணர் குடகு எனப்படும் குடைவரை உள்ளது. பெயர் சமணரைச் சுட்டுகின்றது. உள்ளே இருப்பவையோ திருமாலின் பன்னிரு திருவுருவங்கள். முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்தில், கி. பி. 1228ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு, இங்குத் திருமால் எழுந்தருளுவிக்கப்பட்டதைக் குறிக்கின்றது. அக்கோயில் பெற்ற பெயர் பதினெண்பூமி விண்ணகரம்.

அப்பெயரில் ஆராய்தற்குரிய செய்தி ஒன்று உண்டு. பதினெண்பூமி என்பது பல நாடுகளினும் வாணிகம் செய்த வணிகக் குழுவோடு தொடர்புடைய சொல். நார்த்தாமலை தெலிங்ககுலகாலபுரம் என்னும் பெயரோடு சோழர் காலத்தில் சிறந்து விளங்கிய வணிக நகரம். எனவே சமணப் பள்ளியைத் திருமால் கோயிலாக்கியதில் வணிகப் பெருமக்களுக்குப் பங்கிருந்தது எனக் கருத இடமுண்டு. இஃது என் ஊகமேயன்றிக் கல்வெட்டின் கூற்று அன்று. ஆனால் இவ்வூகம் சரியாயின், சமணத்தின் வீழ்ச்சிக்கு வேறொரு விளக்கம் கிடைக்கின்றது. சமணப் பள்ளிகளை நெடுங்காலம் தாங்கியவருள் வணிகர் தலையாயவர். அவர்கள் கை வேறு பக்கம் திரும்பியபோது, வாள் ஓங்காமலே பள்ளி வறிதாயிற்று. வறிதான குடைவரையில் வேறு தெய்வம் எழுந்தருளிற்று.

இதனை மென்மையான மாற்றம் என்று கூறி அமைதி கொள்ளவும் இயலாது. நார்த்தாமலையை அடுத்த ஆளுருட்டிமலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன. கனகசந்திர பண்டிதர், அவர் மாணாக்கர் தன்மதேவ ஆசாரியர் ஆகியோர் பெயர்களை அங்குள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டுக் குறிக்கின்றது. ஆகவே ஒரு குன்றில் பள்ளி கோயிலாக மாறிய காலத்தை ஒட்டியே, அண்டைக் குன்றில் சமண ஆசிரியர் வழிமுறை நினைக்கப்பட்டு வந்துள்ளது. இந்த மாற்றத்தை அவர்கள் எவ்வாறு நோக்கினர் என்பதைச் சொல்லக் கல்வெட்டு எதுவும் நமக்கு எஞ்சவில்லை. இழந்தவர் கல்லில் எழுதுவதில்லை. வென்றவர் எழுதியதை மட்டும் படித்து, மாற்றம் இனிதே நடந்தது என முடிவு கட்டுவது நடுநிலை ஆகாது. அதுபோன்றே, ஆளை உருட்டிய மலை என்னும் பெயரை மட்டும் கொண்டு ஒரு கொலைக்கதையைக் கட்டுவதும் நடுநிலை ஆகாது. ஊர்ப்பெயர்க்குக் காரணம் கூறும் கதைகள் பெயர் பிறந்த பின்னர்ப் பிறப்பவை.

7. பெயரொற்றுமை என்னும் பொறி

பெயரைக் கொண்டு சமயத்தை ஆராயும் முறை நம் ஆராய்ச்சியாளரிடையே பெரிதும் பரவியுள்ளது. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’, 1954இல் வெளியிட்ட ‘சமணமும் தமிழும்’ ஆகிய நூல்கள் தமிழர் மறந்த ஒரு பெருஞ்செல்வத்தை மீட்டளித்தவை. அவற்றின் உழைப்புக்கு நாம் அனைவரும் கடன்பட்டுள்ளோம். எனினும், சாத்தன் என்னும் பெயர் புத்தருக்கு உரியது, ஆதலின் ஐயனார் வழிபாடு பௌத்தத்தின் எச்சம் என அவ்வறிஞர் சென்ற வழியில், பின்வந்தோர் எல்லை கடந்து சென்றுவிட்டனர்.

புதுக்கோட்டைக் கல்வெட்டுகளை அவர்கள் நோக்கியிருப்பின் தயங்கியிருப்பர். விசயாலய சோழீச்சரத்தை எடுப்பித்தவனாகக் கல்வெட்டுக் கூறுபவன் சாத்தன் பூதி. அதன் அருகில் பழியிலி ஈச்சரத்தைக் குடைவித்தவன் சாத்தன் பழியிலி. அதற்கு முகமண்டபம் எடுத்தவள் அவன் மகள் பழியிலி சிறியநங்கை. மலையடிப்பட்டிச் சிவன் குடைவரைக்கு உரியவன் குவாவன் சாத்தன். சாத்தன் என்னும் பெயர் தாங்கிய முத்தரையர் தலைவர் மூவரும் சிவனுக்கே கோயில் எடுத்துள்ளனர். எனவே சாத்தன் என்னும் பெயர் ஒன்பதாம் நூற்றாண்டளவில் எச்சமயத்தாரும் தாங்கிய பொதுப் பெயர் என்பது தெளிவு. பெயர் பௌத்தத் தொடர்பால் ஒருகாலத்துப் பரவியிருத்தல் கூடும். ஆனால் பெயர் எஞ்சியதனால் கொள்கை எஞ்சிற்று எனல் பொருந்தாது.

8. கல் பேசாத சமயம்

இதுகாறும் கூறியவை அனைத்தும் கல்லைச் சான்றாகக் கொண்டவை. இவ்விடத்தில் நம் முறையின் குறையையும் ஒப்புக்கொள்ளுதல் கடன். கல்வெட்டு நிலமுடையாரின் குரல். நிலம் கொடுக்கவும் பெறவும் இயலாதாரின் தெய்வங்கள் கல்லில் இடம்பெறுதல் அரிது. புதுக்கோட்டைச் சிற்றூர் மக்களின் நாள்வாழ்வில் தலைமை பெற்ற ஐயனாரும் கருப்பரும் மாரியம்மனும் கல்வெட்டுத் தொகுதியில் சிறுபான்மையாகவே காணப்படுகின்றனர். கல்வெட்டு மட்டுமே கற்றவர், அவர்கள் இல்லையென்றே எண்ணிவிடுவர்.

குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலில் ஓங்கி நிற்கும் பெருங்குதிரைக்கு மாசிமகத் திருவிழாவில் மக்கள் நேர்த்திக்கடனாகக் காகித மாலைகள் சாத்துகின்றனர். சிற்றூர்தோறும் புரவியெடுப்பு விழாவில் வேளார் வனைந்த மண்குதிரைகள் ஊர்வலமாகச் செல்கின்றன. மண்குதிரை சில ஆண்டுகளில் சிதைவது; மீண்டும் வனையப்படுவது. நிலைத்திருத்தல் அதன் நோக்கமன்று. மறுபடியும் செய்தலே அதன் நோக்கம். கல்லையே சான்றாகக் கொள்ளும் நம் ஆராய்ச்சி, மண்ணில் வாழும் இம்மரபை எதனால் அளக்கும்?

பெருங்கோயில் மரபும் இம்மக்கள் மரபுக்கு முற்றும் வேறாக நின்றதில்லை. விராலிமலை முருகன் அருணகிரிநாதரால் பாடப்பெற்றவன். அக்கோயிலில் முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் உண்டு. வெள்ளத்தில் வழியறியாது தவித்த அடியவனொருவன், தன்னோடு துணைவந்தவனுக்குச் சுருட்டு ஈந்தான். பின்னர்க் கோயிலில் இறைவன் முன் அச்சுருட்டைக் கண்டான் என்பது அவ்வூர்க் கதை. புகையிலை நம் நாட்டுக்கு வந்தது போர்த்துகீசியர் வரவுக்குப் பின்னரே. எனவே இவ்வழக்கம் மிகப் பழையது அன்று. ஆனால் மரபு எவ்வாறு பிறக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. எளியவன் தன் கையிலிருந்ததைக் கொடுத்தான். கோயில் அதனை ஏற்றுக்கொண்டது.

ஆவுடையார்கோயிலாகிய திருப்பெருந்துறையிலோ கருவறையில் இலிங்கம் இல்லை. ஆவுடையார் என்னும் பீடமே உண்டு. மாணிக்கவாசகர் அருள்பெற்ற அத்தலத்தில் உருவற்ற பொருளுக்கே பூசை நிகழ்கின்றது. சூடான அன்னம் படைகல்லில் பரப்பப்பட்டு, அதன் ஆவியே நிவேதனமாகின்றது. ஒரே மாவட்டத்தில், உருவே இல்லாத வழிபாடும், கூரைக்கு மேல் உயர்ந்த குதிரையுருவம் வேண்டும் வழிபாடும் உள்ளன. திருமெய்யத்தை அடுத்த காட்டுபாவா பள்ளிவாசலுக்கு இசுலாமியர் அல்லாதாரும் நேர்ந்துகொண்டு செல்கின்றனர். ஆவூரில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றிய கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் வாழ்கின்றது. இவற்றை ஒரே கொள்கையின் பல வடிவங்கள் எனக் குழைத்துவிடுதல் எளிது. ஆயின் ஒவ்வொன்றையும் வழிபடுவார் தம் வழிபாட்டின் தனித்தன்மையை நன்கு அறிந்தே உள்ளனர். வேறுபாட்டை அறிந்தும் வாயிலைக் கடந்து செல்லும் அந்த உள்ளத்தையே நாம் ஆராய்தல் வேண்டும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முறைகள் நான்கு. நிகழ்ச்சிக்கு உடன்காலச் சான்றையும் பிற்காலப் பாடலையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் கூடாது. அரசனின் கொடையை அவன் கொள்கையாகவும், அவன் கொள்கையை மக்களின் கொள்கையாகவும் கொள்ளுதல் கூடாது. கோயில்கள் அருகருகே இருத்தலை ஒற்றுமைக்கும், வழக்கு இருத்தலைப் பகைக்கும் உடனே சான்றாக்குதல் கூடாது. கல்லின் மௌனத்தை நம் விருப்பத்தால் நிரப்புதல் கூடாது.

இவை வெறும் ஆராய்ச்சி ஒழுங்குகள் அல்ல. ஒரு குன்று யாருக்கு உரியது, ஒரு கோயில் முன்பு யாருடையது என்னும் வினாக்கள் இன்று நாட்டில் வழக்குமன்றத்திலும் தெருவிலும் எழுப்பப்படுகின்றன. அவ்வினாக்களுக்கு விடை கூற வருவோர் பல்கலைக்கழக ஏடுகளைச் சான்றாகக் காட்டுவர். நாம் சான்றின் அளவைக் கடந்து எழுதிய ஒரு தொடர், பிறர் கையில் கல்லாகவும் மாறும். சமணர் குடகில் திருமால் நிற்பதனைக் கண்டு பழிவாங்கும் கணக்கு எழுதுதலும், அங்கு ஒருவரும் எதனையும் இழக்கவில்லை என்று பூசி மெழுகுதலும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டும் இறந்தோரின் வாயில் நம் சொல்லை வைக்கின்றன.

முதுகலை மாணவர் செய்தற்குரிய பணி நிரம்ப உள்ளது. 1929இல் அச்சேறிய கல்வெட்டு மூலங்களைக் குன்றுகட்கே எடுத்துச் சென்று மீண்டும் ஒப்புநோக்குதல் வேண்டும். கல் உடைக்கும் தொழில் பரவியுள்ள இம்மாவட்டத்தில் அப்பணிக்குக் காலந்தாழ்த்தல் ஆகாது. ஒவ்வொரு பள்ளிச்சந்த நிலமும் பிற்காலத்தில் யார் கையில் சென்றது என்பதனைத் தொடர்ந்து காணுதல் வேண்டும். சமணத்தின் வீழ்ச்சிக்கு விடை கழுமரத்தில் அன்று, அந்நிலக் கணக்கிலேயே கிடைத்தல் கூடும். புரவியெடுப்புப் பாடல்களையும் நேர்த்திக்கடன் கதைகளையும் அவற்றை அறிந்த முதியோர் வாழும் நாளிலேயே எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

திருமெய்யத்து மதில் இன்றும் நிற்கின்றது. அதனைப் பிரிவின் சின்னம் என்பாரும், அமைதியின் சின்னம் என்பாரும் இருப்பர். மதிலுக்கு இப்புறமும் அப்புறமும் பூசை தடையின்றி நடைபெறுகின்றது. அதன் காரணத்தைக் கல்வெட்டைக் கொண்டு விளக்குதல் ஆராய்ச்சியாளன் தொழில். அதற்கு மேல் சொல்லாது நிற்றலும் அவன் தொழிலே.